‘பெட்லர் டோக்கன்’ என்று விற்கும் அமெரிக்க வில்லைகள்: எதைப் பார்த்து வாங்குவது?

பழஞ்சில்லறை:

19-ம் நூற்றாண்டு அமெரிக்க வணிக டோக்கன்களில் (வியாபாரிகள் தாங்களே அடித்துச் சில்லறை போல ஓட விட்ட வில்லைகள்) பெட்லர்கள் வெளியிட்டதை மட்டும் சேர்க்கலாம் என்று ஒரு திட்டம். பெட்லர் என்றால் குதிரை வண்டியிலும் முதுகு மூட்டையிலும் சரக்கைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராக விற்றவர்கள். ஏலத்தில் இப்போது இரண்டு உருப்படிகள் கிடக்கின்றன. இரண்டுக்கும் விற்பவர் கொடுத்த தலைப்பு ‘பெட்லர் டோக்கன்’.

முதலாவது பித்தளை, விட்டம் 19 மி.மீ. நடுவில் 25, கீழே ‘இன் கூட்ஸ்’. மறுபக்கத்தில் பெயர் பாதி தேய்ந்துவிட்டது. ஓரத்தில் ஒரு எண், அதையடுத்து ‘ரெஜ்ட்’, பிறகு ஆங்கில ‘ஓ’ மாதிரி ஒன்று.

இரண்டாவது தேய்ந்த ஸ்பானிய 2 ரியால் வெள்ளிக்காசு. அதன்மேல் ஒரு ஆள் பெயர் முத்திரையாக அடித்திருக்கிறது. ஊரும் இல்லை, தொழிலும் இல்லை.

மூன்று கேள்விகள். இவை பெட்லருடையவைதானா? போலியா என்று வீட்டிலேயே எதுவரை பார்த்துக்கொள்ளலாம்? பட்டியலில் எவ்வளவு அரிது என்பதற்கு ‘ஆர்-5’ என்று போட்டால் எத்தனை கிடைக்கும் என்று அர்த்தம்?

அச்சுமுறிவு:

தலைப்பை மறந்துவிட்டுக் காசைப் படியுங்கள். ‘பெட்லர்’ என்று போட்டால் விலை ஏறும் என்பதால் இப்போது பலரும் போடுகிறார்கள்.

முதலாவது பெட்லருடையது இல்லை. ‘ரெஜ்ட்’ என்பது ரெஜிமென்ட். அதற்கு முன்னால் உள்ள எண் படைப்பிரிவின் எண், பின்னால் உள்ள ‘ஓ’ பெரும்பாலும் ஒஹையோ. ‘இன் கூட்ஸ்’ என்றால் பணமாகத் தர மாட்டேன், சரக்காக வாங்கிக்கொள் என்று பொருள். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அது சட்லர் டோக்கன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒவ்வொரு படைப்பிரிவோடும் கூடாரம் போட்டுக் கடை நடத்திய உரிமம் பெற்ற வியாபாரிதான் சட்லர்.

ஏன் சட்லர் டோக்கன் அடித்தார், பெட்லர் அடிக்கவில்லை? இதைப் புரிந்துகொண்டால் உங்கள் சேகரிப்புக்கே வழி தெரிந்துவிடும். டோக்கன் என்பது ஒரு வாக்குறுதி. இதைக் கொண்டுவந்தால் இவ்வளவுக்குச் சரக்கு தருவேன் என்கிறது. கொண்டுபோய்க் கொடுக்க ஒரு இடம் வேண்டும். இன்று இந்த ஊர், நாளை அடுத்த கவுன்டி என்று போகிற ஆளிடம் வாங்கிய வில்லையை எங்கே போய் மாற்றுவது? யார் வாங்குவார்கள்?

சட்லரும் நகர்ந்தவர்தான். ஆனால் அவரோடு வாடிக்கையாளரும் சேர்ந்தே நகர்ந்தார்கள். படை போகிற இடமெல்லாம் கடையும் போனது. ஊர் சுற்றிய வியாபாரிகளில் டோக்கன் ஓட்ட முடிந்தது இவருக்குத்தான்.

வெள்ளீயம்:

அண்ணன் சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். பெட்லருக்குச் சில்லறைத் தட்டுப்பாடு அவ்வளவாக உறுத்தவும் இல்லை. கனெக்டிகட் தகரப் பாத்திர வியாபாரிகள் பாதிக்கு மேல் பண்டமாற்றாகவே ஓட்டினார்கள். கந்தல் துணி, இறகு, தேன்மெழுகு, தோல் எல்லாம் வாங்கிக்கொள்வார்கள். கந்தல் காகித ஆலைக்குப் போகும். நம்ம ஊரில் பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பவரிடம் யாராவது டோக்கன் கேட்பார்களா? அதே கதைதான்.

சட்லர் டோக்கனின் பின்னணியில் ஒரு சட்டம் இருக்கிறது. 1862 மார்ச் 19 சட்டம் ஒரு படைப்பிரிவுக்கு ஒரு சட்லர் என்று வைத்தது. படைவீரரின் சம்பளத்திலிருந்து கடன் பிடித்துக்கொள்ளும் உரிமைக்கும் வரம்பு போட்டது. மாதச் சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கு. சாதாரணப் படைவீரருக்கு அப்போது மாதம் 13 டாலர், ஆகவே 2 டாலர் 16 சென்ட் சொச்சம். சம்பளமோ மாதக்கணக்கில் தாமதமாக வரும். இடைப்பட்ட நாட்களில் சட்லர் கணக்கில் எழுதிக்கொண்டு டோக்கனாகக் கொடுத்துவிடுவார். வில்லை அவர் கூடாரத்தைத் தவிர வேறெங்கும் செல்லாது, ஆள் பக்கத்துக் கடைக்குப் போக முடியாது. அதனால்தான் பெரும்பாலும் 5, 10, 25, 50 என்று மதிப்பு வருகிறது. ஒரு சென்ட் சட்லர் டோக்கன் என்று யாராவது காட்டினால் இரண்டு முறை பாருங்கள்.

அதே சட்டத்தில் விற்கலாம் என்று அனுமதித்த சரக்குப் பட்டியலும் உண்டு. ஆப்பிள், வெண்ணெய், சீஸ், புகையிலை, தீக்குச்சி, ஊசி, நூல், சவர சோப்பு, ஷூ கயிறு. மூட்டையை அவிழ்த்தால் பெட்லர்தான். ‘சுற்றித் திரிந்த வியாபாரிகள்’ என்று உங்கள் தலைப்பைக் கொஞ்சம் அகலமாக்கினால் சட்லர் அதில் கச்சிதமாக உட்காருவார். 1866-ல் நாடாளுமன்றம் சட்லர் பதவியையே ஒழித்தது. 1867 ஜூலையோடு முடிந்தது. ஆகவே காலமும் நன்றாக வரையறுத்தது.

ஓரவரி:

இரண்டாவது உருப்படி, அந்த 2 ரியால் பற்றி.

இதற்குப் பெயர் மேல்முத்திரைக் காசு. ஓடிக்கொண்டிருக்கிற காசின் மேல் எஃகு உளியால் பெயரை அடித்துவிட்டு மறுபடி ஓட விடுவது. இதில் வாக்குறுதி எதுவும் கிடையாது. காசுக்கு உள்ள மதிப்பு அப்படியே இருக்கும், கூடவே விளம்பரம் இலவசமாக ஊர் சுற்றும். கடை இல்லாதவனுக்கும் இது தோது. நடைவியாபாரி கை பட்ட உலோகம் என்று ஒன்றைத் தேடினால் இந்த வகையில்தான் தேட வேண்டும், டோக்கனில் இல்லை.

நன்றாக அடையாளம் தெரிந்த சிலவற்றைப் பார்த்தால் பிடிபடும். பால்டிமோரின் ‘ஹௌக்ஸ் பனேசியா’ என்ற சர்வரோக நிவாரணி அரை டாலர் காசுகளில் அடிக்கப்பட்டது. சாக்ரமென்டோ மருந்துக்கடைக்காரர் போல்ஹெமஸ் தெருப் பெயரோடு அடித்தார். நியூ ஹாம்ப்ஷயர் பிட்ஸ்ஃபீல்டின் டாக்டர் ஜி. ஜி. வில்கின்ஸ் பெரிய சென்ட்களில் (அந்தக் காலத்துப் பெரிய செம்பு ஒரு சென்ட் காசு) அடித்தார். மூன்றிலும் சரக்கோ தொழிலோ ஊரோ ஏதாவது ஒன்று பிடிபடுகிறது.

உங்களுடையதில் வெறும் ஆள் பெயர். அப்படியென்றால் விளம்பரமாக இருக்க வாய்ப்பு குறைவு. வெள்ளித் தட்டான், துப்பாக்கி செய்பவர், தச்சர் எல்லோரிடமும் தங்கள் பொருளில் அடிக்கிற பெயர் உளி இருந்தது. புது உளி வந்தால் கையில் கிடைத்த காசில் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார்கள். ‘பெட்லர்’ என்று சொல்ல உங்கள் காசில் ஒரு ஆதாரமும் இல்லை.

காலம் மட்டும் ஓரளவு சொல்லலாம். ஸ்பானிய, மெக்சிகோ வெள்ளிக்காசுகள் 1857 பிப்ரவரி 21 சட்டம் வரை அமெரிக்காவில் சட்டப்படி செல்லும். அந்தச் சட்டம் கால் டாலராக ஓடிய 2 ரியாலை அரசு அலுவலகங்களில் 20 சென்ட்டுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னது. கடையில் 25, அஞ்சலகத்தில் 20 என்று ஆனதும் காசு வேகமாகப் புழக்கத்தை விட்டுப் போய்விட்டது. ஆகவே 2 ரியாலில் அடித்த முத்திரை பெரும்பாலும் அதற்கு முந்தியது. காசில் உள்ள ஆண்டைப் பார்த்து முத்திரையின் ஆண்டைச் சொல்லிவிடாதீர்கள். அந்த ஆண்டுக்கு முன்னால் அடித்திருக்க முடியாது, அவ்வளவுதான். 1780-ல் அச்சான காசில் 1850-ல் முத்திரை விழுந்திருக்கலாம்.

பழஞ்சில்லறை:

நன்றி. சட்லர் விஷயம் இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. முத்திரை நேற்று அடித்ததா அப்போது அடித்ததா என்று எப்படிப் பார்ப்பது?

ஓரவரி:

10 மடங்கு லென்ஸ், ஒரு மேஜை விளக்கு போதும். விளக்கை மேலிருந்து காட்டாதீர்கள். காசின் தளத்துக்கு ஒட்டி, சாய்வாக, பக்கவாட்டில் காட்டிக் காசை மெல்லச் சுழற்றுங்கள்.

முதலில் எழுத்தின் விளிம்பு. உளி இறங்கும்போது உலோகம் ஒதுங்கி எழுத்தைச் சுற்றி ஒரு சின்ன வரப்பு எழும். பல வருஷம் கைமாறிய காசில் அந்த வரப்பின் தலை மழுங்கியிருக்க வேண்டும், சுற்றிலும் உள்ள தளம் போலவே. காசு வழவழவென்று தேய்ந்திருக்க, வரப்பு மட்டும் விரலுக்குத் தட்டுப்பட்டால், காசு தேய்ந்து முடிந்த பிறகு அடித்த முத்திரை அது. எத்தனை வருஷம் கழித்து என்பதுதான் கேள்வி.

அடுத்து பள்ளத்தின் அடி. அழுக்கும் கருப்பும் உள்ளேயும் வெளியேயும் ஒரே நிறமாக இருக்கிறதா? பள்ளத்தில் மட்டும் பளபளப்பு என்றால் விட்டுவிடுங்கள். பள்ளத்தில் மட்டும் தார் மாதிரி கறுப்பு, வெளியே சுத்தம் என்றால் அதையும் விட்டுவிடுங்கள், பூசியிருக்கிறார்கள்.

மூன்றாவது மறுபக்கம். கடினமான பட்டறைக்கல்லில் வைத்து அடித்திருந்தால் முத்திரைக்கு நேர் பின்னால் உருவம் நசுங்கித் தட்டையாகியிருக்கும். அந்தத் தட்டை இடத்திலும் பழைய தேய்மானம் இருக்க வேண்டும்.

இன்னொன்று, பெயர் ஒரே உளியா, எழுத்து எழுத்தாக அடித்ததா? ஒரே உளி என்றால் எழுத்துகள் ஒரே கோட்டில், ஒரே ஆழத்தில் நிற்கும், அல்லது மொத்தமும் ஒரு பக்கம் சாய்ந்து ஆழம் சீராகக் குறையும். தனித்தனி எழுத்து என்றால் ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று சாய்வு. பெயருக்கென்று உளி வெட்டிக்கொள்ளக் காசு செலவாகும். தொழில் செய்தவன்தான் செலவழிப்பான். எழுத்து உளிப்பெட்டி இன்றைக்கும் எந்த இரும்புக்கடையிலும் கிடைக்கும். போலி செய்கிறவனுக்கு அதுதான் வசதி.

சாவிவளையம்:

எழுத்து எழுத்தாக அடித்ததை எல்லாம் போலி என்று தள்ளிவிடாதீர்கள். 19-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் எஃகு எழுத்துப் பெட்டியும் வெற்றுப் பித்தளை வில்லையும் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், சாவி வில்லையில் ஆளின் பெயரும் ஊரும் அடித்துக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். மேலே துளை, பெயர், தெரு, சில நேரம் ‘கண்டெடுத்தால் சன்மானம்’ என்ற வாசகம். அது டோக்கன் இல்லை, ஆனால் நடைவியாபாரி கையாலேயே செய்தது. விலையும் மலிவு. பழஞ்சில்லறை கேட்ட தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் எனக்குத் தெரியவில்லை.

நாழிகை:

கடிகார பெட்லர்களின் டோக்கன் ஒன்று இருக்கிறதே, யாரும் சொல்லவில்லையே! நியூயார்க் மாட் டோக்கன், 1789 என்றே போட்டிருக்கும், ஒரு பக்கம் பெரிய நிலைக்கடிகாரம். அமெரிக்க வணிக டோக்கன்களில் முதலாவது அதுதான்.

அச்சுமுறிவு:

இரண்டு இடத்தில் சறுக்குகிறது. மாட் நிறுவனம் பெட்லர் இல்லை. தங்க, வெள்ளிச் சாமான் இறக்குமதி செய்து விற்ற கடை என்று டோக்கனிலேயே எழுதியிருக்கிறது. 1789 என்பதையும் அச்சான ஆண்டாக எடுக்க முடியாது. வில்லையும் அச்சு வேலையும் 1830-களின் டோக்கன்களோடு ஒத்துப்போவதால் இப்போது அதைக் ‘கஷ்டகால டோக்கன்’ வரிசையிலேயே வைக்கிறார்கள். டோக்கனில் ஆண்டு இருந்தால் அது கடை தொடங்கிய ஆண்டாக இருக்கலாம், ஏதாவது நினைவு ஆண்டாகவும் இருக்கலாம்.

கஷ்டகால டோக்கன் என்றால் என்ன என்று புதியவர்களுக்கு ஒரு வரி. 1837 மே 10-ல் நியூயார்க் வங்கிகள் காகிதப் பணத்துக்கு உலோகக் காசு கொடுப்பதை நிறுத்தின. அதைச் சுற்றிய வருஷங்களில், ஏறக்குறைய 1832 முதல் 1844 வரை, பெரிய சென்ட் அளவில், 28 மி.மீ. வாக்கில், செம்பில் அடித்த தனியார் வில்லைகள் இவை. கனெக்டிகட் வாட்டர்பரியின் ஸ்கோவில், மாசசூசெட்ஸ் ஆட்டில்பரோவின் ரிச்சர்ட்ஸ், நியூ ஜெர்சியின் பெல்வில் ஆகிய இடங்களில் நிறைய அச்சாயின. அரசுக் காசு என்று ஏமாற்றியதாக வழக்கு வரக்கூடாதென்று ‘நாட் ஒன் சென்ட்’ என்று போட்டார்கள். ‘ஒன் சென்ட்’ நடுவில் பளிச்சென்று இருக்கும், ‘நாட்’ எங்கேயோ ஒதுங்கி நிற்கும். கள்ளத்தனம் அந்த எழுத்தின் அளவிலேயே தெரியும்.

ஃபாய்க்ட்வாங்கர் என்ற நியூயார்க் மருந்துக்கடைக்காரர் 1837-ல் ஜெர்மன் சில்வரில் (வெள்ளி இல்லை, செம்பு-நிக்கல்-துத்தநாகக் கலவை) 18.5 மி.மீ. சென்ட் அடித்து, அரசே இதை எடுத்துக்கொள்ளட்டும் என்று மனுக் கொடுத்தார். ஏற்கவில்லை. வில்லை மட்டும் ஏராளமாக ஓடியது. இன்றும் தேய்ந்தது எளிதாகக் கிடைக்கும். தொடங்குகிறவருக்கு நல்ல காசு.

எடைக்கல்:

போலி பற்றிய கேள்விக்கு வருகிறேன். பித்தளை சட்லர் டோக்கனில் அதிகம் வருவது வார்ப்புப் போலி. அசலை மணலிலோ ரப்பர் அச்சிலோ பதித்து உருக்கி ஊற்றுவது. உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும், அதனால் விட்டம் அசலைவிட 1 முதல் 2 சதவீதம் குறையும். 19.0 மி.மீ. இருக்க வேண்டியது 18.7 காட்டும். சாதா ஸ்கேலில் இது தெரியாது, டிஜிட்டல் காலிப்பர் வேண்டும். பிளாஸ்டிக் காலிப்பராகவே வாங்குங்கள், எஃகு முனை காசைக் கீறும்.

அடர்த்தி பார்ப்பதும் எளிது. 0.01 கிராம் தராசு, ஒரு தம்ளர் தண்ணீர், தையல் நூல். தம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். டோக்கனை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டுவது அது ஒதுக்கிய தண்ணீரின் எடை. காற்றில் உள்ள எடையை இதால் வகுத்தால் அடர்த்தி. செம்பு 8.9, பித்தளை 8.4 முதல் 8.7, வெள்ளீயக் கலவை 7.3 பக்கம்.

அச்சுமுறிவு:

எடைக்கல் சார், முறை சரி, தராசு சரியில்லை. கணக்கைப் போட்டுப் பாருங்கள். 19 மி.மீ. பித்தளை டோக்கன் 3.2 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒதுக்கும் தண்ணீர் சுமார் 0.38 கிராம். 0.01 தராசில் அது 0.37 என்றும் வரும், 0.39 என்றும் வரும். முதலாவதுக்கு 8.65, இரண்டாவதுக்கு 8.21. பித்தளை என்று சொல்லவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது. 0.001 கிராம் தராசு இருந்தால் 3.214-ஐ 0.378-ஆல் வகுத்து 8.50 என்று நிற்கலாம், பிழை 0.02-தான். 28 மி.மீ. பெரிய செம்புக்கு உங்கள் தராசு ஓரளவு போதும், ஏனென்றால் அது ஒரு கிராமுக்கு மேல் தண்ணீரை ஒதுக்கும்.

காற்றுக் குமிழி ஒட்டினால் மொத்தமும் கெட்டுவிடும். கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரே ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விடுங்கள். டோக்கனை இறக்கியதும் நூலை மெல்ல உதறுங்கள்.

செம்பையும், செம்பு 88 நிக்கல் 12 கலவையையும் அடர்த்தியில் பிரிக்க முடியாது, இரண்டும் 8.9. அதை நிறத்தில்தான் பார்க்க வேண்டும். கலவை வெளிறிய மஞ்சள் கலந்த சாம்பலாக இருக்கும்.

எடைக்கல்:

ஒத்துக்கொள்கிறேன், சின்ன டோக்கனுக்கு மில்லிகிராம் தராசுதான். ஹால்மார்க் சென்டரில் உள்ள எக்ஸ்-ரே மிஷினில் காட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். காட்டலாம். செம்பு, துத்தநாகம், நிக்கல் இருக்கிறதா என்பது தெரியும். மிஷின் தங்கத்துக்கு அளவு சரிசெய்தது, அதனால் சதவீதத்தை அப்படியே எழுதி வைக்காதீர்கள். மேல்தோலை மட்டுமே பார்க்கும் என்பதால் பூச்சு பூசிய வார்ப்பு அதை ஏமாற்றிவிடும்.

வெள்ளீயம்:

ஓரத்தையும் பாருங்கள். ஓரத்தின் நடுவில் சுற்றிலும் ஒரு கோடு ஓடினால் இரண்டு பாதியை ஒட்டியிருக்கிறார்கள். மின்பூச்சில் தோல் எடுத்து நடுவில் காரீயம் ஊற்றுவார்கள். அடித்த டோக்கனில் எழுத்தின் சுவர் செங்குத்தாக, தளத்தோடு சேரும் மூலை கூர்மையாக இருக்கும். வார்த்ததில் அந்த மூலை சோப்புக்கட்டி மாதிரி உருண்டிருக்கும், தளத்தில் கொப்புளம் கொப்புளமாகப் புள்ளி தெரியும்.

நகல் காசுகளில் ‘காப்பி’ என்ற சொல் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1973 முதல் சட்டம் இருக்கிறது. அந்தச் சொல்லை அரத்தால் சீவி எடுத்துவிட்டு விற்பதுண்டு. தளத்தில் எங்காவது ஒரு செவ்வகம் மட்டும் வேறு மாதிரி மின்னினால் அதுதான்.

மேற்கத்திய சலூன், விலைமாதர் விடுதி என்று பெரிய எழுத்தில் கேலி வாசகத்தோடு வரும் பளபள பித்தளை வில்லைகள் முழுக்கக் கற்பனை. 20-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் சுற்றுலாக் கடைக்கென்று அடித்தவை. 19-ம் நூற்றாண்டுக் கடைக்காரன் தன் ஊர்ப் பெயரைப் போடுவான், நகைச்சுவைக்கு எழுத்து வெட்டக் காசு கொடுக்க மாட்டான்.

பழஞ்சில்லறை:

ஆர்-5 விஷயம் விட்டுப்போச்சு.

தொகுதி:

அது ஒரு பெரிய பொறி, ஏனென்றால் இரண்டு அளவுகோல் உண்டு.

உள்நாட்டுப் போர் டோக்கன்காரர்கள் ஃபுல்ட் அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். ஆர்-1 என்றால் 5000-க்கு மேல், ஆர்-4 என்றால் 200 முதல் 500, ஆர்-5 என்றால் 75 முதல் 200, ஆர்-6 என்றால் 20 முதல் 75. அப்படியே போய் ஆர்-10 ஒரே ஒன்று. பெரிய சென்ட் சேகரிப்பவர்களின் ஷெல்டன் அளவுகோலில் ஆர்-5 என்றால் 31 முதல் 75, ஆர்-8 என்றால் மூன்றுக்கு மேல் இல்லை. மேல்முத்திரை பெரிய சென்ட்டில் இருந்தால் விற்பவர் எந்த அளவுகோலைச் சொல்கிறார் என்று கேளுங்கள். ஃபுல்ட் ஆர்-6 உருப்படியை ஷெல்டன் ஆர்-6 விலைக்கு வாங்கினால் 20 முதல் 75 வரை இருப்பதற்கு 13 முதல் 30 இருப்பதற்கான விலை கொடுத்தவர் ஆவீர்கள்.

ஃபுல்ட் எண்ணை, அதாவது ஃபுல்ட் பட்டியலில் ஒவ்வொரு டோக்கனுக்கும் உள்ள எண்ணைப் படிக்கும் முறையும் தெரிந்துகொள்ளுங்கள். கடை டோக்கனில் முதலில் மாநிலச் சுருக்கம், பிறகு ஊர் எண், கடையின் எழுத்து, அச்சு ஜோடியின் எண், கடைசியில் உலோக எழுத்து. ஓ.ஹெச். 165 என்றால் சின்சினாட்டி, என்.ஒய். 630 என்றால் நியூயார்க் நகரம். கடைசி எழுத்து ‘ஏ’ செம்பு, ‘பி’ பித்தளை, ‘டி’ செம்பு-நிக்கல், ‘ஈ’ வெள்ளீயக் கலவை, ‘எஃப்’ வெள்ளி.

இந்தக் கடைசி எழுத்தில்தான் விலை பத்து மடங்கு தாவும், ஏமாற்றும் அங்கேதான். புழக்கத்துக்கு அடித்தது பெரும்பாலும் ‘ஏ’, ஓரளவு ‘பி’. வெள்ளியிலும் வெள்ளீயத்திலும் அடித்தது அந்தக் காலத்துச் சேகரிப்பாளர்களுக்காக அச்சுக்காரர்களே செய்தது. கடைக்காரர் பார்த்தேகூட இருக்க மாட்டார். செம்புக்கு நிக்கல் பூசி ‘டி’ என்று விற்கிறார்கள். எழுத்தின் மேட்டிலும் விளிம்பிலும் பூச்சு தேய்ந்து சிவப்பு எட்டிப் பார்க்கும்.

மைக்கா:

தேதி குறித்து ஒரு உதவி. உள்நாட்டுப் போர் டோக்கன்கள் பெருவாரியாக 1863. 1861 டிசம்பர் கடைசியில் வங்கிகள் உலோகப் பணம் கொடுப்பதை நிறுத்தின. 1862 கோடையில் சென்ட்டே கண்ணில் படவில்லை. தபால்தலையைப் பித்தளைக் கூட்டுக்குள் வைத்து மைக்கா மூடி போட்டுச் சில்லறையாக ஓட்ட கால்ட் என்பவர் 1862 ஆகஸ்ட் 12-ல் காப்புரிமை வாங்கினார். அதன் முதுகில் அயர்ஸ் மாத்திரை, டிரேக்ஸ் பிட்டர்ஸ் என்று மருந்து விளம்பரம். பெட்லர் மூட்டையில் போன சரக்கு எது என்று தெரிய வேண்டுமா, அந்த முதுகைப் படியுங்கள். வாங்கும்போது மைக்காவில் விரிசல் இருந்தால் பரவாயில்லை. விரிசலே இல்லாமல் கண்ணாடி மாதிரி இருந்து, பித்தளை விளிம்பில் நெம்பிய தடம் தெரிந்தால் மைக்காவோ தபால்தலையோ மாற்றியிருக்கிறார்கள்.

1864 ஏப்ரல் 22-ல் அரசே மெல்லிய வெண்கல சென்ட்டுக்கு மாறியது. பழையது 4.67 கிராம், புதியது 3.11. டோக்கன் கனத்துக்குக் கிட்டத்தட்ட இறங்கிவிட்டது. 1864 ஜூன் 8 சட்டம் தனியார் காசை மொத்தமாகத் தடுத்தது.

நாழிகை:

அச்சுமுறிவு சொன்ன ‘திருப்பி வாங்க இடம் வேண்டும்’ வாதத்தில் ஒரு ஓட்டை. நியூயார்க் சலூன்காரர் லிண்டன்முல்லருக்கு நிலையான கடை இருந்தது. பத்து லட்சத்துக்கு மேல் அடித்து ஓட்டினார். மூன்றாவது அவென்யூ ரயில் கம்பெனி தன்னிடம் குவிந்ததைக் கொண்டுபோனபோது வாங்க மறுத்துவிட்டார் என்பார்கள்.

அச்சுமுறிவு:

அது ஓட்டை இல்லை, எனக்குச் சாட்சி. ரயில் கம்பெனி ஏன் அதை அவ்வளவு நாள் வாங்கிப் போட்டுக்கொண்டது? கடை அங்கே நிற்கிறது, போனால் மாற்றலாம் என்ற நினைப்புதான். வண்டிக்காரன் பெயர் போட்டிருந்தால் முதல் வில்லையையே கண்டக்டர் தூக்கி எறிந்திருப்பார்.

தொகுதி:

பெயரைத் தேடுவது எப்படி என்று யாரும் சொல்லவில்லை. சட்லர் பெயரைப் படைவீரர் பட்டியலில் தேடி நேரத்தை வீணாக்குகிறார்கள். அவர் ராணுவத்தான் இல்லை, குடிமகன், பட்டியலில் வர மாட்டார். நாடாளுமன்ற நூலகத்தின் இலவசப் பழைய செய்தித்தாள் தளத்தில் படைப்பிரிவு எண்ணோடு ‘சட்லர்’ என்ற சொல்லைச் சேர்த்துத் தேடுங்கள். படைவீரர்கள் உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுதிய கடிதங்களில் சட்லரைத் திட்டாத கடிதம் குறைவு.

பெட்லரைத் தேட இன்னொரு வழி. 1862 ஜூலை 1 வரிச் சட்டம் பெட்லருக்கு உரிமக் கட்டணம் வைத்தது. நடந்து போனால் 5 டாலர், ஒரு குதிரை 10, இரண்டு குதிரை 15, இரண்டுக்கு மேல் 20. அந்த மதிப்பீட்டுப் பட்டியல்கள் அமெரிக்க தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. மேல்முத்திரையில் உள்ள பெயர் அந்தப் பட்டியலில் ‘பெட்லர்’ என்று வந்து, காசு கிடைத்த வட்டாரமும் பொருந்தினால் மட்டும் உறையில் ‘பெட்லர்’ என்று எழுதுங்கள். அதற்கும் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. ஆனால் பழஞ்சில்லறையின் 2 ரியாலுக்கு இது உதவாது, காலம் அதற்கு முந்தியது. அங்கே நகர டைரக்டரிகள்தான் கதி, ஊர் தெரியாமல் அதுவும் கஷ்டம்.

பழஞ்சில்லறை:

அப்படியானால் பித்தளைக்கு ஏலம் கேட்கிறேன், வெள்ளியை விடுகிறேன். வந்ததும் எப்படி வைப்பது? சென்னையில் ஈரம்.

செம்புத்துரு:

வந்த அன்றே எந்த உறையில் இருக்கிறது என்று பாருங்கள். மெத்தென்ற, வாசனை அடிக்கிற பிளாஸ்டிக் என்றால் பி.வி.சி. அது பச்சைப் பிசினாகக் கசிந்து செம்பைத் தின்னும். சுத்தமான அசிட்டோனில் கண்ணாடிக் கிண்ணத்தில் பத்து நிமிஷம் ஊறவிட்டு, புது அசிட்டோனில் ஒரு முறை அலசி, தானாகக் காய விடுங்கள், துடைக்க வேண்டாம். நகப்பூச்சு அழிக்கிற திரவம் வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பு பக்கத்தில் வேண்டாம்.

புளியும் எலுமிச்சையும் குத்துவிளக்கோடு நிற்கட்டும். புளி போட்டுத் தேய்த்த பித்தளை டோக்கன் இளஞ்சிவப்பாகிவிடும். அமிலம் துத்தநாகத்தை இழுத்துக்கொண்டு செம்பை மேலே விட்டுவிடும். பிறகு எத்தனை வருஷம் வைத்தாலும் பழைய தோல் வராது. விலை பாதிக்குக் கீழே.

கெட்டியான, கரும்பச்சைக் களிம்பு ஆபத்தில்லை. வெளிர் பச்சையாக, நகத்தால் தொட்டால் பொடியாக உதிர்ந்தால் அது குளோரைடு நோய். உடனே தனியாக எடுத்து வையுங்கள். ஈரம் கிடைக்கும்வரை அது நிற்காது. காற்று புகாத டப்பாவில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானி, ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்குக் கீழே வைத்தால் அடங்கும். ஜெல் நிறம் மாறியதும் 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடலாம். சென்னை மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டிவரும்.

வெள்ளீயக் கலவை டோக்கனை மர டிராயரில் வைக்காதீர்கள். அதில் காரீயம் இருந்தால் மரத்தின் அமில ஆவியில் வெள்ளைப் பொடி பூக்கும், தேக்கோ ஓக்கோ எதுவானாலும்.

தொகுதி:

அட்டைச் சட்டத்தில் வைத்து ஸ்டேப்ளர் அடிப்பதாக இருந்தால் பின்னின் வளைந்த கால்களைக் குறடால் அழுத்தித் தட்டையாக்குங்கள். அடுத்த உறையில் உள்ள டோக்கனை அந்தக் கால்தான் கீறுகிறது. பின் துருப்பிடிக்காத வகையாக இருக்கட்டும். ஏலம் கேட்கும் முன் விற்பவரிடம் ஓரத்தின் படம் ஒன்றும், சாய்வு வெளிச்சத்தில் பெயர்ப் பக்கத்தின் படம் ஒன்றும் கேளுங்கள். அந்த ‘ஓ’வுக்குப் பின்னால் ‘வி’ தெரிந்தால் ஒஹையோ தொண்டர் படை. படைப்பிரிவு எண்ணில் ஒரே ஒரு இலக்கம் பிடிபட்டாலும் இங்கே போடுங்கள், மீதியைச் சேர்ந்து தேடலாம்.